வெள்ளை அரிசிக்கு ஒரு மஞ்சள் சீட்டு

உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும் சாப்பாடுதான் என் தம்பி ஆர்டிஸுக்கு ஆகாது. இதை ஜனவரி மாதத்தில் மட்டும் பதினான்கு பேருக்கு விளக்கியிருப்பேன். பதினான்கு பேரும் தலையாட்டினார்கள். ஆட்டி முடித்துவிட்டு, "அப்ப பழுப்பரிசி குடுத்துப் பாரேன் வெர்னீஸ்" என்றார்கள்.

ஆர்டிஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி விடிந்ததும் வேன் வந்து அவனை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும். அவன் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். பாஸ்பரஸ் ஏறினால் எலும்பு அரிக்கும். ஆகையால் தவிடு நீக்காத பழுப்பரிசி, பயறு, தக்காளி, உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வாழைப்பழம், ஆரஞ்சு என்று டாக்டர்கள் மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவதெல்லாம் அவனுக்குத் தள்ளுபடி. வெள்ளை அரிசி, வெள்ளை ரொட்டி, மக்காச்சோளக் கஞ்சி, முட்டைக்கோஸ், ஆப்பிள், முட்டை, கோழி, மீன். இவ்வளவுதான் அவன் தட்டு.

மாற்றுச் சிறுநீரகம் வேண்டுமென்றால் முதலில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏற, ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று எடுக்கும் ரத்தத்தில் அந்த இரண்டு அளவுகளும் தொடர்ந்து மூன்று மாதம் கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். டிசம்பர் சரியாக வந்தது. ஜனவரியும் வந்தது. பிப்ரவரி ஒன்றுதான் பாக்கி. அது தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை அப்படி எண்ணியாயிற்று.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். எதையும் ஒழுங்குபடுத்தி வைத்துப் பழக்கம். வீட்டுச் சாப்பாட்டையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். முட்டை, கோழி, ஆப்பிள், முட்டைக்கோஸ் எல்லாம் அரசாங்கம் தரும் உணவு கார்டில். அதற்கு இருபத்தாறு மைல் போய்வர வேண்டும், எங்கள் ஊரில் இருக்கும் ஒரே மலிவுக் கடையான டாலர் கடையில் பச்சைக் காய் என்று ஒன்று கிடையாது. அரிசியும் ரொட்டியும் இலவசமாகச் சாமான் கொடுக்கும் சர்ச் பேன்ட்ரியில், வியாழன்தோறும். டாலர் கடையில் அரிசி விற்கிறதே என்று கேட்கலாம். விற்கிறது. டிசம்பரில் விடுமுறைக்கு முன்னால் இரண்டு நாள் கூடுதலாக வேலை பார்த்ததில் வருமானம் கூடிவிட்டதென்று என் கார்டுத் தொகையைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது முட்டைக்கும் கோழிக்குமே போதவில்லை. கையில் இருந்த காசு குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் பில்லுக்குப் போயிற்று. ஆகவே சோறு என்றால் பேன்ட்ரி. வேறு வழி இல்லை.

அந்தப் பேன்ட்ரியில்தான் ஜனவரி முதல் வியாழனன்று லேபிள் ஒட்டினார்கள்.

பள்ளி விடுமுறை என்பதால் நானே போயிருந்தேன். சர்ச்சின் அடித்தளத்தில் அலமாரிகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. நான்கு நீளமான அலமாரிகளில் 'உடம்புக்கு நல்லது' என்று பச்சை லேபிள். மூலையில் ஒரு சின்ன அலமாரியில் 'அளவோடு' என்று மஞ்சள். வாசலில் ஒவ்வொரு வீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்தார்கள். பச்சையில் இஷ்டம் போல எடுக்கலாம். மஞ்சளில் சீட்டைக் கொடுத்து ஒன்றே ஒன்று.

பேன்ட்ரியை நடத்துகிறவர் சிஸ்டர் ஓடெஸ்ஸா. முப்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷி, ஆனால் ஒரு தாளில் எழுதியிருந்தால் அதற்கு அப்பால் உலகம் இல்லை அவருக்கு.

"சிஸ்டர் ஓடெஸ்ஸா, அரிசி எங்க?"

"அதோ பச்சையில. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கம்மா."

"அது பழுப்பு."

"ஆமா, அதான் பச்சை."

எனக்குப் பின்னால் நின்ற கிழவர் மிஸ்டர் ஹோசியா, "ஆண்டவரே, எனக்குக் கண்ணு போச்சா, இவங்களுக்குப் போச்சா?" என்றார்.

வெள்ளை அரிசி மஞ்சள் அலமாரியில் இருந்தது. ஒரு பவுண்டுப் பை. அதே அலமாரியில்தான் வெள்ளை ரொட்டி, நூடுல்ஸ், ஜாம், தேன் பன் எல்லாம். அரிசி எடுத்தால் ரொட்டி இல்லை. ரொட்டி எடுத்தால் அரிசி இல்லை. ஆர்டிஸுக்கு ஒரு பவுண்டு மூன்று நாளைக்கு வரும். வாரத்துக்கு ஏழு நாள்.

"இது நகரத்துல இருக்கிற பெரிய உணவு வங்கியோட திட்டம்" என்றார் ஓடெஸ்ஸா. "நூத்துக்கு எண்பது பச்சை போகணும். நான் மாசாமாசம் ரிப்போர்ட் அனுப்பணும். இல்லேன்னா லாரி வராது."

"என் தம்பிக்கு டயாலிசிஸ், தெரியுமில்ல? அவனுக்கு உங்க பச்சை முழுக்க விஷம்."

"பச்சை எப்படிம்மா விஷமாகும்? டாக்டர் பட்டம் வாங்கினவங்க போட்ட லேபிள் இது. வேணும்னா அவன் டாக்டர்கிட்டேருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வா."

வாங்கினேன். டயாலிசிஸ் நிலையத்தில் உணவு ஆலோசகராக இருக்கும் மிஸ் ஷெல்பி, சின்னப் பெண், ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றும் குறைந்த உணவு தேவை, வெள்ளை அரிசியும் வெள்ளை ரொட்டியும் தடையில்லாமல் கொடுக்கவும் என்று தெளிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதை ஓடெஸ்ஸாவின் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார். முதல் வார்த்தை சோடியம். அது அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எங்கள் சர்ச்சில் ரத்த அழுத்தம் இல்லாத ஆள் பியானோ வாசிக்கிற பெண் ஒருத்திதான். மற்ற இரண்டையும் அவர் கண் தாண்டிப் போய்விட்டது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

"கவலைப்படாதே சிஸ்டர் வெர்னீஸ். ஆர்டிஸுக்குன்னு தனியா ஒரு பெட்டி கட்டி வைக்கிறேன்" என்றார். நானும் நம்பினேன்.

அடுத்த வியாழன் எனக்கு வேலை. ஆர்டிஸே போய்ப் பெட்டியை வாங்கி வந்துவிட்டான். நான் வீடு திரும்பியபோது டேபிளுக்கு அடியில் அது மூடியபடி இருந்தது. பள்ளியில் இருநூறு தட்டு கழுவிய களைப்பில் நான் திறந்து பார்க்கவில்லை. இது என் தப்பு, எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கதவைத் திறந்தால் ஆர்டிஸ் பொரித்த முட்டை மேல் எதையோ உற்சாகமாகத் தூவிக்கொண்டிருக்கிறான். இந்த மூன்று வருடத்தில் சாப்பாட்டின் முன்னால் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்னடா அது?"

"உப்பில்லாத உப்பு, அக்கா! மிஸ் ஓடெஸ்ஸா பெட்டியில வச்சிருந்தாங்க. நிஜ உப்பு மாதிரியே இருக்கு. இதயத்துக்கு நல்லதுன்னு படமே போட்டிருக்கு பாரு."

டப்பாவைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். அதில் இருந்தது ஒரே சாமான். பொட்டாசியம் குளோரைடு.

"எத்தனை தடவை போட்ட?"

"நேத்து ராத்திரி ரெண்டு சூப்புல. இன்னிக்குக் காலையில கஞ்சியில. இப்ப…"

"எந்தச் சூப்பு?"

பெட்டியில் உப்புக் குறைத்த சூப் டப்பா எட்டு இருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்த சேர்மானப் பட்டியலில் உப்புக்குப் பதில் அதே பெயர், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ. கூடவே உப்பில்லாத தக்காளி, உப்பில்லாத பயறு. ஒருவனைக் கொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு அக்கறையாகப் பெட்டி கட்டியிருக்க முடியாது.

"இதயத்துக்கு நல்லதுன்னு போட்டிருக்கே அக்கா."

"எல்லார் இதயத்துக்கும்டா. உன்னோடதைத் தவிர!"

"கத்தாதே. கத்தினா உன் இதயத்துக்கு நல்லதில்ல."

எனக்கு அழுகையும் வந்தது, தட்டைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்றும் வந்தது. நிலையத்தின் அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். கை கால் தளர்ச்சி இருக்கிறதா, நெஞ்சு படபடப்பு இருக்கிறதா என்று நர்ஸ் வரிசையாகக் கேட்டாள். இல்லை, இல்லை, பசிதான் இருக்கிறது என்றான் ஆர்டிஸ். ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், இல்லாவிட்டால் நாளை காலை ஓர் இடம் காலியிருக்கிறது, வந்து கூடுதலாக ஒரு முறை சுத்தம் செய்துகொள்ளட்டும் என்றாள். சனிக்கிழமை காலையில் மெஷினில் போடுமுன் பார்த்தபோது பொட்டாசியம் ஆறுக்கு மேலே. ஐந்தரையைத் தாண்டக் கூடாது. நல்ல வேளை, அது கணக்கில் சேராது. கணக்கு முதல் திங்களுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் சர்ச்சின் கார் நிறுத்துமிடத்தில் ஓடெஸ்ஸாவின் முன்னால் வைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் டப்பாவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் வேணும்னா செஞ்சேன், சிஸ்டர் வெர்னீஸ்? ஒவ்வொரு டப்பாவா தேடித் தேடி எடுத்தேன். ரெண்டு மணி நேரம்."

"தெரியும். அதான் பிரச்சினையே. எனக்குத் தனிப் பெட்டி வேண்டாம். ரெண்டு பை வெள்ளை அரிசி, ஒரு பிரெட். அவ்வளவுதான் நான் கேட்டது."

"மஞ்சள் வீட்டுக்கு ஒண்ணு."

"லெட்டர் குடுத்தேனே!"

"லெட்டரை நகரத்துக்கு அனுப்பிக் கேட்டேன். மஞ்சள்ல விதிவிலக்குக்கு ஃபார்ம் இல்லேங்கிறாங்க. ஒரு ஆளுக்காக நான் லேபிளை மாத்த முடியாது. விதியை நான் எழுதலை."

"லேபிளை மாத்த வேண்டாம். அரிசியைக் குடுங்க."

"ஃபார்ம் இல்லைம்மா."

பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தன் பழைய பிக்கப் வண்டியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மிஸ்டர் ஹோசியா சிரித்தார்.

"உனக்குப் பழுப்பரிசி வேணுமா? என் கட்டிலுக்கு அடியில ஒன்பது பை கிடக்கு. பயறு அதுக்கு மேல. இன்னும் நாலு வியாழன் போனா நான் ஏணி போட்டுத்தான் படுக்கணும்."

"எதுக்கு எடுக்கறீங்க அப்ப?"

"சும்மா குடுத்தா வேண்டாம்னு சொல்ல எங்கம்மா சொல்லித்தரலை. எங்கிட்ட அடுப்பு இல்ல, வெறும் மைக்ரோவேவ். அந்த அரிசி வேகறதுக்குள்ள எனக்கு எண்பத்தி மூணு ஆயிடும். ஆமா, உன் தம்பி இருபத்திரண்டு வருஷம் அரிசி ஆலையில தவிட்டை ஊதித் தள்ளினவன்தானே? இப்ப அதையே கொண்டுவந்து சாப்பிடுன்னா அவனுக்கு எப்படி இருக்கும்!"

வீட்டுக்கு நடந்து போகும்போதே எனக்கு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அடுப்பு இல்லாதவர்கள். அடுப்பு இருந்தும் வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிறவர்கள். பயறு ஊறப்போட நேரமில்லாமல் நூடுல்ஸுக்கு மஞ்சள் சீட்டைக் கொடுக்கிறவர்கள். பச்சை அலமாரி காலியாகிக்கொண்டே இருந்தது. ஓடெஸ்ஸாவின் ரிப்போர்ட் நன்றாகவே இருந்திருக்கும். அந்தப் பச்சை எல்லாம் ஊர் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

எனக்குத் தேவை அவர்கள் மஞ்சள் சீட்டு. அவர்களுக்குத் தேவை வெந்த சாப்பாடு. இருநூறு பேருக்குச் சமைக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

ஜனவரி கடைசி வியாழனுக்கு அரை நாள் விடுப்பு எடுத்தேன். முந்தின நாள் ஹோசியாவின் கட்டிலடியைக் காலி செய்தேன். ஒரு பெரிய பாத்திரத்தில் தட்டைப்பயறு, ஹோசியாவின் ஃப்ரீசரில் கிடந்த புகைபோட்ட வான்கோழிக் கழுத்து போட்டு, வெங்காயம் தாராளமாக. இன்னொன்றில் பழுப்பரிசி, குழைய விட்டு, தக்காளியோடு. சர்க்கரைவள்ளியைச் சுட்டு மசித்து ஒரு தட்டு நிறைய. எல்லாவற்றையும் ஹோசியாவின் பிக்கப் பின்னால் ஏற்றி, சர்ச் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன்: உன் மஞ்சள் சீட்டுக்கு வெள்ளை அரிசியோ ரொட்டியோ எடுத்துக்கொண்டு வா, இரண்டு டப்பா சாப்பாடு வாங்கிக்கொண்டு போ.

ஹோசியாதான் முதலில் முரண்டு பிடித்தார். அதுவும் அவர் வண்டியில் சாய்ந்துகொண்டே.

"வாரத்துக்கு ஒரு தேன் பன். என் வாழ்க்கையில மிச்சம் இருக்கிற ஒரே சந்தோஷம். அதையும் உன் தம்பி பறிச்சுக்கறான்."

"உங்க சுகருக்கு அது வேண்டாம்னு டாக்டர் சொல்லலையா?"

"டாக்டர் சொன்னாரு. பன் ஒண்ணும் சொல்லலையே."

"மிஸ்டர் ஹோசியா, பாத்திரத்தை மூடிடுவேன்."

மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வாசனை பார்த்தார். பெருமூச்சு விட்டபடி உள்ளே போய் அரிசிப் பையோடு வந்தார்.

மூன்று பிள்ளைகளுக்குத் தாயான டவானா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கழுத்து எத்தனை போட்ட? வெறும் தண்ணியா இருந்தா நான் நூடுல்ஸ்தான் எடுப்பேன்" என்றாள்.

"அகப்பையை விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தாள். "எனக்கு மூணு டப்பா. பிள்ளைங்க மூணு பேரு."

"சீட்டுக்கு ரெண்டுதான்."

"ஓடெஸ்ஸா மாதிரியே பேசற!"

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்குள் ஆறு பை அரிசியும் நான்கு ரொட்டியும் சேர்ந்துவிட்டன. ஏழாவது பையை வாங்கிக்கொண்டிருக்கும்போது ஓடெஸ்ஸா கையில் அட்டையும் பேனாவுமாகப் படியேறி வந்தார்.

"சிஸ்டர் வெர்னீஸ், விக்கிறியா?"

"விக்கலை. மாத்திக்கிறேன்."

"இங்க வாங்கின உணவை விக்கவோ மாத்தவோ மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்க. இதோ. நீ போட்ட கையெழுத்துதானே?"

"என்னோடதுதான். அழகாவும் இருக்கு."

"மீறினா அறுபது நாள் நிறுத்தம்."

எனக்குப் பொறுமை என்று ஒன்று இருந்திருந்தால் அது அங்கேதான் முடிந்தது. "சிஸ்டர் ஓடெஸ்ஸா, இந்த ஜனவரியில நீங்க குடுத்த பயறை இந்த ஊரு இன்னிக்குத்தான் சாப்பிடுது. இத்தனை நாளா கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. அது கிடந்தா உங்க ரிப்போர்ட்டுல ஆரோக்கியம். நான் வேகவச்சுக் குடுத்தா விதிமீறலா? திங்கட்கிழமை என் தம்பிக்கு ரத்தம் எடுக்கறாங்க. அறுபது இல்ல, அறுநூறு நாள்னு எழுதிக்குங்க. இந்த அரிசியை மட்டும் நான் திருப்பித் தரமாட்டேன்."

டவானா டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஓடெஸ்ஸா பேனா மூடியைக் கழற்றினார். பிறகு தேதி போட்டு, என் பெயருக்கு நேரே அறுபது என்று எழுதினார். அரிசியைக் கேட்கவில்லை.

அந்த நாலு நாள் ஆர்டிஸின் தட்டை விட்டு என் கண் அகலவில்லை. சோறு, முட்டைக்கோஸ், கோழி. மறுபடியும் சோறு, முட்டைக்கோஸ், மீன்.

"அக்கா, பயறு வாசனை வீடு முழுக்க இருக்கு. எனக்கு மட்டும் இல்ல."

"இல்ல."

"ஒரு ஸ்பூன்?"

"ஆர்டிஸ், உன் வாயையும் சேர்த்து மாத்துவாங்களான்னு பெரிய ஆஸ்பத்திரியில கேட்கப்போறேன்."

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள். புதன்கிழமை நான் பள்ளியில் பால் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மிஸ் ஷெல்பி கூப்பிட்டாள். பொட்டாசியம் நான்கு புள்ளி ஒன்பது. பாஸ்பரஸ் ஐந்து புள்ளி ஒன்று. இரண்டும் கோட்டுக்குள். ஆர்டிஸின் பெயரைப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன் என்றாள். நான் பால் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ரொம்ப நல்லாப் பார்த்துக்கறீங்க, மிஸ் வெர்னீஸ். இதே மாதிரி மாசாமாசம் இருக்கணும். அளவு தப்பினா பட்டியல்ல நிறுத்தி வச்சிடுவாங்க."

"எத்தனை மாசம்?"

"கிட்னி கிடைக்கிற வரைக்கும். அவரோட ரத்த வகைக்கு நாலு வருஷம் ஆகலாம். அஞ்சும் ஆகலாம்."

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைக்காக ஊரைக் கூட்டியவள் நான். நாலு வருடம் என்றால் இருநூறு வியாழன். அதில் முதல் எட்டுக்கு எனக்குப் பேன்ட்ரி வாசலே கிடையாது. ஊர்க்காரர்களின் மஞ்சள் சீட்டைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. அதைத்தான் ஓடெஸ்ஸா தடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சர்ச் அடித்தளத்துக்குப் போனேன். ஓடெஸ்ஸா தனியாக ஸ்டூலில் உட்கார்ந்து பயறு டப்பாக்களுக்குப் பச்சை லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் பேரு ஏறிடுச்சு" என்றேன்.

ஒட்டுவதை நிறுத்தினார். "ஆண்டவருக்குத் தோத்திரம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அறுபது நாள் அறுபது நாள்தான்" என்றார்.

"தெரியும். மன்னிப்புக் கேட்க வரலை. கேட்டாலும் அது பொய்யா இருக்கும். இன்னும் நாலு வருஷம் அவனுக்குச் சோறு வேணும். என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

ஓடெஸ்ஸா இன்னும் நான்கு டப்பாவுக்கு ஒட்டினார். பிறகு அட்டையிலிருந்து அந்தத் தாளை உருவி என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டியே, படிச்சியா?"

படித்தேன். 'சர்ச் வளாகத்துக்குள் விற்கவோ மாற்றவோ மாட்டேன்' என்று இருந்தது.

"நம்ம வளாகம் விளக்குக் கம்பத்தோட முடியுது" என்றார், லேபிளைப் பார்த்தபடியே. "அதுக்கு அந்தப் பக்கம் கவுன்டி ரோடு, அரசாங்கத்து இடம். அங்க யாரு பாத்திரத்தைத் திறந்து வச்சா எனக்கென்ன? எனக்கு அங்க நோட்டும் இல்ல, பேனாவும் இல்ல."

இதைப் போன வியாழனே சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, உட்கார்ந்து நாற்பது டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வியாழன், மறுபடியும் அரை நாள் விடுப்பு. மிஸ்டர் ஹோசியா தன் சீட்டுக்கு அரிசி வாங்க உள்ளே நிறுத்திய பிக்கப், ராத்திரி சமைத்த பாத்திரங்களோடு, பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப மறுத்தது. வாசலுக்கு நேரே, வளாகத்தின் நட்ட நடுவில். டவானாவும் நானும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் நின்று தள்ளினோம். விளக்குக் கம்பத்துக்கு இன்னும் பத்தடி இருந்தது.

"மெதுவா தள்ளுங்க!" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார் ஹோசியா. "பயறு சிந்துது, பயறு சிந்துது!"

"இறங்கித் தள்ளுங்க மிஸ்டர் ஹோசியா," என்றேன். "சிந்தாது."